லீவுக் கிழமை

கதிர்காமநாதனுக்கு அன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறையிலிருந்து படுக்கையறை, படுக்கையறையிலிருந்து பல்கனி, பல்கனியிலிருந்து திரும்பவும் சமையலறை என்று நடந்துகொண்டே இருந்தார். வெளியே டோர்ட்மண்ட் நகரம் முழுக்கக் கொடியும் கும்மாளமுமாகக் கிடந்தது. உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்த கோடை அது. சாயந்தரம் ஜெர்மனி விளையாடுகிறது என்று மத்தியானமே கார்க்காரர்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் கட்டிலில் கிடந்த பாலாம்பிகை முகத்தைச் சுளித்தாள்.

அவளுடைய இடது விலாவிலிருந்து முதுகு வரைக்கும் சிவந்த கொப்புளங்கள். ஒரு பக்கம் மட்டும், பட்டி கட்டினது போல வரிசையாகப் போட்டிருந்தது. சட்டைத் துணி பட்டாலே எரிந்தது.

"அக்கிதான். உடம்புச் சூடு," என்றாள். "ரெண்டு நாள் கிடந்தால் போயிடும்."

"முந்தநாளும் இதைத்தானே சொன்னனீர். ஆஸ்பத்திரிக்குப் போன் அடிப்பம். அந்தப் பொம்பிளை டொக்டர் நம்பர் தந்தவவெல்லே. காய்ச்சல் வந்தாலும் எடுங்கோ, தோலிலை ஏதும் போட்டாலும் எடுங்கோ எண்டு சொன்னவ."

"எடுத்து? உங்கட அரைகுறை டொச் பாசையிலை என்னத்தைச் சொல்லப் போறியள்? மிதுசா வரட்டும்."

மிதுசா அவர்களுடைய ஒரே மகள். பிராங்பேர்ட்டில் ஒரு வங்கியில் வேலை. டொக்டர் நாள் குறித்துத் தருகிற ஒவ்வொரு டெர்மினுக்கும் லீவு போட்டுக்கொண்டு ரயிலேறி வந்து, டொக்டருக்கும் தாய்க்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவள் அவள்தான். கதிர்காமநாதன் காலையிலிருந்து அவளுக்கு அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி போனது, ஆள் எடுக்கவில்லை. முகத்தில் ஜெர்மன் கொடியின் மூன்று நிறமும் பூசிக்கொண்டு பிராங்பேர்ட் சனக் கும்பலுக்குள் எங்கேயோ நிற்பாள். யாரைக் கோபிப்பது?

விசயம் இதுதான். பாலாம்பிகைக்குக் குடலில் புற்றுநோய். மாரி காலத்தில் வெட்டி எடுத்தார்கள். மிச்சம் மீதி ஏதும் இருந்தால் அழிப்பதற்கென்று இப்போது வீட்டிலேயே விழுங்குகிற கீமோக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், காலையும் மாலையும் விழுங்க வேண்டும். மூன்றாம் கிழமை விழுங்காமல் உடம்பைத் தேற விட வேண்டும். அந்த மூன்றாம் கிழமைக்குப் பாலாம்பிகை வைத்த பெயர் லீவுக் கிழமை. லீவுக் கிழமையில்தான் அவளுக்கு வாய்க்கு ருசி வரும், உறைப்பாய்க் கறி கேட்பாள். இப்போது நடப்பது லீவுக் கிழமை. திங்கட்கிழமை திரும்பத் தொடங்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்காரரை விட்டால் இது தெரிந்தவர்கள் தாய், தகப்பன், மகள் மட்டும்தான். மற்ற ஆட்களுக்குச் சொன்னது கர்ப்பப்பை ஒப்பரேசன். அது எல்லா வீட்டிலும் நடக்கிறது, யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். மிதுசாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிற நேரம். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று ஒரு வாய் சொன்னால் போதும், பாரிசிலிருந்து லண்டன் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். "அவளின்ர கழுத்திலை தாலி ஏறுமட்டும் நீங்கள் வாயே திறக்கக்கூடாது," என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே பாலாம்பிகை சத்தியம் வாங்கிவிட்டாள். கதிர்காமநாதன் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். அங்கே மேலாளரின் சொல், வீட்டிலே பாலாம்பிகையின் சொல். மூன்றாவதாக அவருக்கென்று ஒரு சொல் இருந்ததை அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் வாசல் மணி அடித்தது. பவளமக்கா.

பவளமக்காவைத் தெரியாத தமிழர் டோர்ட்மண்டில் இல்லை. வந்த காலத்திலேயே டொச்சை வளைத்துப் பிடித்துவிட்ட மனுசி. பிள்ளைப்பேறு, பள்ளிக்கூடம், விசா, வழக்கு எல்லாவற்றுக்கும் மொழிபெயர்க்கக் கூடப் போகிறவ அவதான். ஒரு சதம் வாங்க மாட்டா. வயதில் மூத்தவர்களும் அவவை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டொக்டர் கேட்கிற கேள்விக்கு நோயாளியைத் திரும்பிப் பாராமல் அவவே பதில் சொல்லிவிடுகிற அளவுக்கு ஊர் வருத்தமெல்லாம் அவவுக்கு மனப்பாடம். இது போதாதென்று, மிதுசாவுக்குப் பேசுகிற மாப்பிள்ளை பவளமக்காவின் தமக்கை மகன். பாரிசில் இருக்கிறார்கள்.

"பெரியக்கா ஆக்கள் தேருக்கு வருகினமாம், ஹம் நகரத்து அம்மன் கோயிலுக்கு. அப்பிடியே பொம்பிளையையும் பார்க்கலாம் எண்டு..." சொல்லிக்கொண்டே வந்து கட்டில் ஓரத்தில் தொப்பென்று இருந்தா. கட்டில் அசைந்த அசைவில் பாலாம்பிகை பல்லைக் கடித்தாள். பவளமக்கா கேட்டுக் கேள்வி இல்லாமல் அவளுடைய சட்டையை உயர்த்திப் பார்த்தா.

"ஐயோ பாலாக்கா, இதோடையோ கிடக்கிறியள்? அண்ணை, நீங்களும் பார்த்துக்கொண்டு நிக்கிறியள். எழும்புங்கோ, வெளிக்கிடுங்கோ. சனி ஞாயிறு அவசரத்துக்குத் திறக்கிற டொக்டர் இடம் இருக்கு. கார் கீழை நிக்குது."

"இல்லை அக்கா, நான் மிதுசா வந்தாப் பிறகு..." என்று பாலாம்பிகை இழுத்தாள்.

"மிதுசா வாறதுக்குள்ளை இது முதுகெல்லாம் ஓடியிடும். நான் இருக்கேக்கை என்ன கரைச்சல்?"

கரைச்சலே அதுதான். ஆனால் அதை எப்படிச் சொல்வது? பாலாம்பிகை மெல்ல எழும்பிச் செருப்பைத் தேடினாள். கதிர்காமநாதனைப் பார்த்த பார்வையில், வாயைப் பொத்திக்கொண்டு வாருங்கோ என்கிற கட்டளை இருந்தது.

அங்கே இருந்த டொக்டர் நடுத்தர வயதுக்காரர், பொறுமையான மனிதர். கொப்புளங்களைப் பார்த்த உடனேயே பெயர் சொல்லிவிட்டார். "குர்ட்டல்ரோசே," என்று பவளமக்கா திருப்பிச் சொன்னா. "இடுப்புப்பட்டி ரோசாவாம். எங்கட அக்கியேதான். இவங்கள் நோவுக்கும் பூவின்ர பேர் வைக்கிறாங்கள்."

பிறகு டொக்டர் கேள்விகளைத் தொடங்கினார். வேறு குளிசைகள் எடுக்கிறாவா என்பது முதல் கேள்வி. பவளமக்கா அதைத் தமிழில் கேட்டா.

"பிரஷர்க் குளிசை மட்டும்," என்றாள் பாலாம்பிகை.

பெரிய வருத்தம் ஏதும் வந்ததா என்பது அடுத்தது. அதைப் பவளமக்கா தமிழில் கேட்கவே இல்லை. தானே டொச்சில் கர்ப்பப்பைக் கதையைச் சொன்னா. மாரியிலே ஒப்பரேசன், நான்தான் சோறு கறி கொண்டு போய்க் கொடுத்தேன் என்பது வரைக்கும் சொல்லியிருப்பா. டொக்டர் தலையாட்டிவிட்டு, பாலாம்பிகையின் முகத்தைப் பார்த்து இன்னும் மெதுவாக இன்னொரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியில் கதிர்காமநாதனுக்கு இரண்டு சொல் விளங்கியது. ஒன்று கீமோ. மற்றது க்ரெப்ஸ். இந்த நாட்டு மொழியில் அவருக்கு எந்தச் சொல் விளங்காவிட்டாலும் அந்தச் சொல் விளங்கும். அது புற்றுநோய்.

"நைன், நைன்," இல்லை இல்லை என்று பவளமக்கா சிரித்துக்கொண்டு கையை ஆட்டினா.

கதிர்காமநாதன் வாயைத் திறந்தார். மேசைக்குக் கீழே பாலாம்பிகையின் பாதம் வந்து அவருடைய பாதத்தை நசுக்கியது. திறந்த வாயை மூடிக்கொண்டார். மூடியிருக்கக்கூடாது. ஆனால் மனுசன் மூடிவிட்டார், என்ன செய்வது?

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் பவளமக்கா விளக்கம் சொன்னா. "ஒரு நாளைக்கு ஒரு குளிசை, ஒரு கிழமைக்கு. ஒரே நேரத்திலை எடுக்கோணும், நோ குறைஞ்சாலும் இடையிலை விடக்கூடாது. கெதியாத் தொடங்கினால்தான் வேலை செய்யுமாம், இண்டைக்கே போடச் சொன்னவர். பிறகு கான்சருக்கு மருந்து எடுக்கிற ஆக்களைப் பற்றியும் ஏதோ நீட்டி முழக்கினவர். அந்த ஆக்கள் இதைப் போட்டால் ரெண்டு மருந்தும் சேர்ந்து ஆளையே முடிச்சிடுமாம். எங்களுக்கு ஏன் அந்தக் கதை? நீங்கள் இதிலை நில்லுங்கோ, நான் காரைக் கொண்டு வாறன்."

அவ போனதும் கதிர்காமநாதன் மனைவிக்குக் கிட்ட வந்தார். "கேட்டனீரோ? ஆளையே முடிச்சிடுமாம்."

"கேட்டனான். அது எடுக்கிற ஆக்களுக்கு. நான் இப்ப எடுக்கிறனோ? லீவுக் கிழமைதானே. நான் டொக்டருக்குப் பொய் சொல்லேல்லை."

"திங்கக்கிழமை தொடங்கோணும்."

"அதைப் பிறகு பார்ப்பம். மிதுசாவைக் கேப்பம். இப்ப இந்த மனுசிக்கு முன்னாலை ஒண்டும் கதைக்காதையுங்கோ. பிள்ளையின்ர வாழ்க்கையப்பா." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. விலா எரிச்சலோ, பிள்ளையின் கவலையோ, அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மருந்துக்கடைகள் பூட்டிவிடும். மருந்துக்கடையை இங்கே நம்மவரும் டொச்சுக்காரர் போல அப்போதேக்க என்றுதான் சொல்லுவார்கள். முறைக்கு ஒரு கடை மட்டும் கதவைப் பூட்டி, சின்ன யன்னல் வழியாக மருந்து கொடுக்கும். அந்தக் கடையைத் தேடிப் பவளமக்கா ஓட்டினா. பாதி வழியில் பொலிஸ் தெருவை மறித்திருந்தது. சுற்றிப் போனால் அங்கேயும் கொடி கட்டின கூட்டம். பவளமக்கா ஒரு கையால் ஹோர்னை அமத்திக்கொண்டு, மற்றக் கையால் பெரியக்கா வீட்டுப் பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தா. பின்சீற்றில் கதிர்காமநாதன் மருந்துச் சீட்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். ஆளை முடிச்சிடும், ஆளை முடிச்சிடும் என்று அந்த ஒரே வசனம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லை. "நீங்கள் இறங்கி வாங்கிக்கொண்டு வாங்கோ அண்ணை, சீட்டைக் குடுத்தால் தருவாங்கள்," என்றா பவளமக்கா.

யன்னலைத் திறந்தவள் இளம் பெண். கன்னத்தில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கோடுகள். உள்ளே வானொலியில் பந்தாட்டம் கத்திக்கொண்டிருந்தது. சீட்டைப் பார்த்தாள், உள்ளே போனாள், ஒரு பெட்டியோடு வந்தாள். யன்னல் ஓரத்தில் பெட்டியை வைத்தாள், ஆனால் கையை எடுக்கவில்லை. மருந்து உங்களுக்கா என்று கேட்டாள். மனைவிக்கு என்றார். மனைவிக்குப் புற்றுநோய்க்கு ஏதும் மருந்து போகிறதா, கீமோ போகிறதா என்று அடுத்ததாகக் கேட்டாள்.

கதிர்காமநாதன் திரும்பிப் பார்த்தார். கார் தெரு முனையில் நின்றது. பவளமக்காவுக்கு இங்கே பேசுவது கேட்காது. இங்கே மிதுசாவும் இல்லை, பவளமக்காவும் இல்லை. அவரும் அவருடைய உடைந்த டொச்சும் மட்டும்தான்.

"யா," என்றார். "என் மனைவி க்ரெப்ஸ். குளிசை. ஆனால் இப்போது பௌஸ. இந்தக் கிழமை பௌஸ." இடைவெளிக்கு அவர் அறிந்த டொச்சுச் சொல் அதுதான்.

அவள் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. பெட்டியைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, அவருக்கு விளங்கும்படி சொன்னாள். கூடாது. பௌஸ என்றாலும் கூடாது. இந்தக் குளிசை போன பிறகும் அது செய்த வேலை உடம்பில் பல நாள் நிற்கும். அந்த நேரத்தில் புற்றுநோய்க் குளிசை எடுத்தால் உடம்பால் அதை வெளியேற்ற ஏலாது, அது நஞ்சாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நாலு கிழமையாவது இருக்க வேண்டும். அக்கிக்கு வேறு மருந்து இருக்கிறது, அதை டொக்டர்தான் எழுத வேண்டும். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், எடுக்கிற எல்லா மருந்தையும் அங்கே காட்டுங்கள். அவள் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, விரலால் தெருவைக் காட்டி, "ஹொய்ட்ட," இன்றைக்கே என்று இரண்டு தரம் சொன்னாள். அந்த நேரத்தில் ஜெர்மனி கோல் அடித்திருக்க வேண்டும். தெருவின் எல்லா வீட்டு யன்னல்களும் ஒரே வாயாகக் கத்தின. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

காருக்குத் திரும்பி நடக்கையில் கதிர்காமநாதனுக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்குப் போவது, பவளமக்காவைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்புவது, உடனே டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவது. ரகசியமும் தப்பும், ஆளும் தப்பும். தன் புத்தியை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"சாமான் இல்லையாம்," என்றார் காருக்குள் ஏறி. "திங்கக்கிழமைதான் வருமாம்."

"திங்களோ?" பவளமக்கா திரும்பிப் பார்த்தா. "இண்டைக்கே தொடங்கோணும் எண்டவரெல்லே டொக்டர். அவங்களுக்கு மச் பார்க்கிற அவசரம். நான் போய்க் கேக்கிறன்."

"வேண்டாம் வேண்டாம்," என்று அவர் பதறினார். "அந்தப் பிள்ளை எல்லாம் தேடிப் பார்த்தது."

பவளமக்கா ஸ்டியரிங்கில் தாளம் போட்டா. பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டா. "நான் ஒரு விசரி. எங்கட வீட்டிலையே கிடக்கே. இவருக்கும் போன வருசம் இதே அக்கிதான் வந்தது. இதே குளிசைதான். நோ குறைஞ்ச உடனை மனுசன் விட்டிட்டார், மிச்சம் பெட்டியோடை கிடக்கு. நான் எறியேல்லை, ஆருக்கும் உதவும் எண்டு வைச்சனான்."

எந்தத் தமிழ் வீட்டில்தான் இல்லை அந்தப் பெட்டி? பழைய பிஸ்கட் ரின்னுக்குள் அரைவாசி விழுங்கின குளிசைகள், காலாவதியான பாணி மருந்து, யாரோ கனடாவிலிருந்து கொண்டுவந்த களிம்பு. நோய் மாறினதும் குளிசையை நிறுத்துவார்கள், மிச்சத்தை அடுத்த வீட்டுக்குத் தானம் கொடுப்பார்கள். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசைத் தடுக்கக் கதிர்காமநாதனிடம் ஒரு பொய்யும் மிஞ்சவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் கார் திரும்பிவிட்டது.

பவளமக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தி, மேலே ஓடினா. கதிர்காமநாதன் மனைவி பக்கம் திரும்பினார். வார்த்தைகள் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறி விழுந்தன.

"பாலா, அந்தப் பிள்ளை குளிசை தரமாட்டன் எண்டிட்டுது. இருந்தது, தரேல்லை. நான் உம்மட வருத்தத்தைச் சொன்னனான். லீவுக் கிழமை எண்டாலும் கூடாதாம். உடம்பிலை நிண்டு திங்கக்கிழமைக் குளிசையை நஞ்சாக்குமாம். செத்துப்போவீர்."

பாலாம்பிகையின் முகம் வெளிறிப்போனது. வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "சரி," என்றாள். "வாங்கி வைச்சுக்கொள்ளுவம். வீட்டை போய் எறிவம். நீங்கள் கத்தாமல் இருங்கோ."

"இவவுக்குச் சொல்லிவிடுவம் பாலா."

"சொன்னால் எல்லாம் துலைஞ்சுது. தேருக்கு வாற ஆக்கள் வராமலே விட்டிடுவினம். உங்கட மகளைப் பிறகு ஆர் கட்டுறது? வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

பவளமக்கா மூச்சிரைக்க வந்தா. கையில் பாதி வெறுமையான குளிசை அட்டை, மற்றக் கையில் தண்ணீர்ப் போத்தல். மருந்துச் சீட்டை வாங்கிப் பெயரை ஒத்துப் பார்த்தா. "பார்த்தியளோ, அதே பேர்." பின்கதவைத் திறந்து, குனிந்து, அட்டையிலிருந்து ஒரு குளிசையை உடைத்தெடுத்துப் பாலாம்பிகையின் உள்ளங்கையில் வைத்தா.

"வீட்டை போய்ச் சாப்பிட்டிட்டுப் போடுறன் அக்கா."

"சாப்பாட்டோடை ஒண்டும் இல்லையாம், எப்பவும் போடலாம். போடுங்கோ. எவ்வளவு கெதியாப் போடுறியளோ அவ்வளவு நல்லது. உங்கட முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடக்கு." அவவுடைய குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அதுதான் கதிர்காமநாதனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பாலாம்பிகை ஒரு கணம் குளிசையைப் பார்த்தாள். வாய்க்குள் போட்டாள். கொடுப்புக்குள் ஒதுக்கி வைத்துப் பிறகு துப்பலாம் என்று நினைத்தாள் போலும், அவளுடைய கன்னம் லேசாகப் புடைத்ததைக் கதிர்காமநாதன் கண்டார். ஆனால் பவளமக்கா விடுகிற ஆளா?

"தண்ணியைக் குடியுங்கோ. நல்லா இழுத்துக் குடியுங்கோ."

போத்தலை அவவே வாயில் வைத்துச் சாய்த்தா. பாலாம்பிகையின் தொண்டை அசைந்தது.

முப்பது வருசக் கலியாண வாழ்க்கையில் கதிர்காமநாதன் ஆட்கள் பார்க்க மனைவியின் கையைக்கூடப் பிடித்ததில்லை. அந்த மனுசன் சீற்றில் முழங்காலை ஊன்றி, போத்தலைத் தட்டிவிட்டு, அவளுடைய தாடையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மற்றக் கையின் இரண்டு விரல்களை அவளுடைய வாய்க்குள் விட்டார். அவள் திமிறினாள். அவருடைய மார்பில் குத்தினாள். பிறகு கடித்தாள், நன்றாகவே கடித்தாள். அவர் விடவில்லை. தண்ணீர் வடிய, எச்சில் வடிய, கன்னத்தின் உட்பக்கத்திலிருந்து அந்தக் குளிசையைத் தோண்டி வெளியே எடுத்தார். ஓரம் கொஞ்சம் கரைந்திருந்தது.

"உங்களுக்கு என்ன விசரோ அண்ணை?" பவளமக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"அவவுக்குக் கான்சர், அக்கா," என்றார் கதிர்காமநாதன்.

பாலாம்பிகை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"கர்ப்பப்பை இல்லை, குடலிலை. கீமோக் குளிசை எடுக்கிறா. இந்தக் கிழமை இடைவெளி. உந்த டொக்டர் கேட்டது எங்களைத்தான். அப்போதேக்கக்காரியும் அதுக்குத்தான் மருந்து தராமல் விட்டவள். நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்." அவர் கடிபட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ அக்கா. பிறகு நீங்கள் ஆருக்கு வேணுமெண்டாலும் சொல்லுங்கோ."

பவளமக்காவுக்குப் பேச்சு வராததை டோர்ட்மண்டில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்க முடிந்தது. அவ தன் கையில் இருந்த குளிசை அட்டையைப் பார்த்தா. பாலாம்பிகையைப் பார்த்தா. பிறகு நடைபாதை ஓரத்தில் அப்படியே குந்திவிட்டா.

"என்ர கையாலை," என்றா. "என்ர கையாலை தந்தனானே. நான் சிரிச்சுச் சிரிச்சு நைன் நைன் எண்டு சொன்னனான். ஒரு சொல்லு உங்களைக் கேக்கேல்லையே பாலாக்கா."

"கேட்டிருந்தாலும் நான் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன்," என்றாள் பாலாம்பிகை, முகத்திலிருந்து கையை எடுக்காமல்.

அதற்குப் பிறகு பவளமக்கா எழும்பிக் காரை எடுத்தா. முதலில் வீட்டுக்குப் போய், பாலாம்பிகை அரிசிமா ரின்னுக்குள் ஒளித்து வைத்திருந்த கீமோக் குளிசைப் பெட்டிகளையும் பிரஷர்க் குளிசையையும் கதிர்காமநாதன் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்தார். பிறகு ஆஸ்பத்திரி. மச் நடந்துகொண்டிருந்ததால் தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டொக்டர் கணினியில் பாலாம்பிகையின் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்விகள் கேட்டார். பவளமக்கா ஒவ்வொரு கேள்வியையும் பாலாம்பிகை பக்கம் திரும்பித் தமிழில் கேட்டா. கேட்டுவிட்டுக் காத்திருந்தா. பாலாம்பிகை சொன்னதை மட்டும் டொச்சில் சொன்னா. குளிசையை விழுங்கினீர்களா என்ற கேள்விக்கு மட்டும் கதிர்காமநாதன் இடையில் புகுந்து, கைலேஞ்சியில் சுற்றி வைத்திருந்த குளிசையை மேசையில் வைத்தார். டொக்டர் அதைப் பார்த்தார், கதிர்காமநாதனின் விரலில் பதிந்திருந்த பல் அடையாளத்தைப் பார்த்தார், அடுத்த கேள்விக்குப் போனார்.

பயப்படத் தேவையில்லை என்றார் டொக்டர் கடைசியில். ஆனால் கொஞ்சம் கரைந்திருப்பதால், புற்றுநோய் டொக்டர் பார்த்துச் சொல்லும்வரை திங்கட்கிழமைக் குளிசையைத் தொடங்கக்கூடாது. அக்கிக்கு வேறு மருந்தை ஊசி வழியாக ஏற்றலாம், ஓரிரு நாள் இங்கேயே இருக்கட்டும். இனிமேல் எந்த டொக்டரிடம் போனாலும், எந்தக் கடைக்குப் போனாலும், முதலில் கீமோவைச் சொல்ல வேண்டும். அதைப் பவளமக்கா ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னா.

கட்டிலில் படுக்க வைத்து, கையில் ஊசி ஏற்றிவிட்டுத் தாதி போன பிறகு பவளமக்காவின் கைத்தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தா, எடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றா.

"பெரியக்கா," என்றா. "தேருக்கு எத்தினை பேர் வருகினம் எண்டு சொல்ல எடுக்கிறா. நான் என்ன சொல்ல பாலாக்கா? நீங்கள் சொல்லுறதைத்தான் சொல்லுவன். ஒண்டும் சொல்லவேண்டாம் எண்டால் ஒண்டும் சொல்லேல்லை. இது என்ர பிள்ளைகள் மேலை சத்தியம்."

பாலாம்பிகை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மணி நின்றது. திரும்பவும் அடித்தது.

"தாங்கோ," என்றாள். ஊசி ஏற்றாத கையால் வாங்கிக் காதில் வைத்தாள். "அக்கா, நான் பாலாம்பிகை. மிதுசாவின்ர அம்மா. ஓம், சுகம்தான்... இல்லை, சுகமில்லை அக்கா. அதுதான் கதைக்கிறன்." மாரி ஒப்பரேசனிலிருந்து இன்றைக்கு வாய்க்குள் போன குளிசை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல் சொன்னாள். அந்தப் பக்கத்தில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். பிறகு இரண்டு ஓம், ஒரு சரி. தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வீட்டிலை கதைச்சிட்டுச் சொல்லுறாவாம்."

பவளமக்கா அதை வாங்கிக்கொண்டு, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனா. அறையில் இரண்டு பேரும் தனித்து இருந்தார்கள். பாலாம்பிகை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இப்போது அழத் தொடங்கினாள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எல்லாத்தையும் கெடுத்துப் போட்டியள். அவளின்ர கலியாணத்தைக் கண்ணாலை பார்க்கோணும் எண்டுதானே இவ்வளவு நாளும் மறைச்சனான்."

கதிர்காமநாதன் கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பார்க்கிறதுக்கு நீர் இருக்கோணுமே, பாலா," என்றார்.